ரோட்டுக்கு எடுத்த நிலத்தை வாரியம் ஏலம் விடலாமா?

சேலம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

"எங்க அப்பாவின் 1 ஏக்கர் 62 சென்ட் புஞ்சையை 1988-ல் இணைப்புச் சாலை, லாரி ஸ்டாண்ட், வணிக வளாகம் என்று சொல்லி எடுத்தார்கள். 1990-ல் அவார்டு, அதாவது இழப்பீட்டு உத்தரவு, சென்ட்டுக்கு 450 ரூபாய். அப்பா ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கினார். ரோடும் லாரி ஸ்டாண்டும் வந்தன, அதற்கு 85 சென்ட் போனது. வளாகம் வரவே இல்லை. மீதி 77 சென்ட்டில் பல வருஷம் நாங்களே சோளம் போட்டோம். ஆள் கிடைக்காமல் விட்டபிறகு சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. அப்பா இப்போது இல்லை. பட்டா இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது, அம்மா விடாமல் தீர்வை கட்டுகிறார். போன மாதம் அந்த 77 சென்ட்டைப் பொது ஏலத்தில் விற்கப்போவதாக, அரசு அதை ஒப்படைத்திருக்கும் வாரியம் பேப்பரில் விளம்பரம் போட்டிருக்கிறது. குறைந்தபட்ச விலை சென்ட்டுக்கு மூன்றரை லட்சமாம். ரோட்டுக்கு என்று பிடுங்கிக்கொண்டு வியாபாரம் பண்ண இவர்களுக்கு என்ன அதிகாரம்? எடுத்த விலையைத் திருப்பிக் கட்டினால் நிலத்தை வாங்கிவிடலாம், 48-பி என்று ஒரு பிரிவு இருக்கிறது, 4 லட்சம் கொடுங்கள் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?"

தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

அவர் ஏன் உங்கள் வீட்டுக்கு வந்தார் என்பது ஒரு சின்னக் கணக்கு. 77 சென்ட்டுக்கு 450 வீதம் 34,650 ரூபாய். அதோடு ஆறுதல் தொகை என்று சட்டம் தரும் 30 சதவீதத்தையும், ஆண்டுக்கு 12 சதவீதம் என்ற கூடுதல் மதிப்பையும் சேர்த்தால்கூட லட்சத்தைத் தொடாது. இன்றைய ஏலக் குறைந்தபட்ச விலையோ 2 கோடியே 69 லட்சத்து 50 ஆயிரம். இப்படி ஓர் இடைவெளி கண்ணில் படும்போது யாருக்குத்தான் 4 லட்சம் பெரிதாகத் தெரியும்? இதே 48-பி-யை நம்பி நகையை அடகு வைத்துவிட்டு, கடைசியில் என் அலுவலகப் படியேறி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். "ரோட்டுக்கு எடுத்தால் ரோட்டுக்குத்தானே பயன்படுத்த வேண்டும்" என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் நிலத்தை எடுத்த 1894-ஆம் வருடத்து நில எடுப்புச் சட்டம் அந்த நியாயத்தில் எழுதப்பட்டதல்ல. அவார்டு போட்டு, கலெக்டர் சார்பில் நிலத்தைச் சுவாதீனம் எடுத்த நிமிடத்தில், 16-ஆம் பிரிவின்படி நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் முழுதாக அரசுக்குப் போய்விடுகிறது. 'ரோடு போடாவிட்டால் திருப்பித் தரவேண்டும்' என்ற நிபந்தனை அதில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. உங்கள் அப்பாவுக்கும் நிலத்துக்கும் இருந்த உரிமைத் தொடர்பு அன்றே அறுந்தது. பிறகு மிஞ்சியது பணம் போதுமா என்ற வழக்கு மட்டும்தான்.

உங்கள் நிலைமைக்கு அச்சில் வார்த்தது போல ஒரு வழக்கு உண்டு. கேரளத்தில் 1952-ல் தேசிய நெடுஞ்சாலைக்காக 1 ஏக்கர் 94 சென்ட் எடுத்தார்கள். 1955-ல் சாலை முடிந்தது, அதற்குச் செலவானது 80 சென்ட். மீதி நிலம் சும்மா கிடந்தது. அதைப் பழைய உரிமையாளர் தரப்புக்கே, எடுத்தபோது கொடுத்த விலைக்கு ஒதுக்க அரசு நிர்வாக உத்தரவு போட்டது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கேரள அரசு எதிர் பாஸ்கரன் பிள்ளை, 1997. எடுத்த காரியம் முடிந்தபின் மிஞ்சும் நிலத்தை வேறு பொதுக் காரியத்துக்குப் பயன்படுத்தலாம், அப்படி எதுவும் இல்லையென்றால் பழைய சொந்தக்காரருக்கு விற்பதைவிடப் பொது ஏலம் விட்டு அந்தப் பணத்தைப் பொதுநலனுக்குச் செலவழிப்பதே சரி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு 2004 கடைசியில் ஆந்திர அரசு எதிர் சையது அக்பர் வழக்கிலும் இதையே உறுதிப்படுத்தினார்கள். அதுவும் சாலை விரிவாக்கத்துக்கு எடுத்த நிலம்தான். சென்னை மாகாண காலத்து வருவாய் வாரிய நிலை ஆணை ஒன்றைக் காட்டி நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நிர்வாக ஆணையால் சட்டத்தைத் தாண்ட முடியாது என்று பதில் வந்தது.

ஆக, வாரியம் விற்கலாமா என்றால், பொதுவாக விற்கலாம். கசப்பாக இருக்கும், தெரியும். எனக்கும் இது முழு நியாயமாகப் படவில்லை. 1894 சட்டத்தை நமக்குக் கொடுத்த அதே இங்கிலாந்தில், டார்செட் பகுதியில் கிரிச்செல் டவுன் என்ற இடத்தில் 725 ஏக்கரை 1938-ல் விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக எடுத்தார்கள். போர் முடிந்தபின் பழைய குடும்பத்திடம் திருப்பித் தராமல் விவசாய அமைச்சகம் வைத்துக்கொண்டது. பெரிய ரகளையாகி 1954-ல் அமைச்சர் தாமஸ் டக்டேல் பதவி விலகினார். அதன் விளைவாக, மிஞ்சும் நிலத்தை முதலில் பழைய உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் வெளியில் விற்க வேண்டும் என்ற விதிமுறை அங்கே நிலைத்தது. எடுத்த விலைக்கு அல்ல, அன்றைய சந்தை விலைக்குத்தான். அந்த அளவுகூட நம் பழைய சட்டத்தில் இல்லை.

தமிழ்நாட்டில் பின்னால் ஒரு சின்னச் சாளரம் திறந்தார்கள், தரகர் சொல்லும் 48-பி அதுதான். 1997-ல் அந்த 1894 சட்டத்துக்கு மாநிலத் திருத்தமாக வந்தது. எடுத்த காரியத்துக்கோ வேறு எந்தப் பொதுக் காரியத்துக்கோ நிலம் தேவையில்லை என்று அரசு திருப்தியடைந்தால், வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டத் தயாராக இருக்கும் பழைய உரிமையாளருக்கு மாற்றித் தரலாம். 'தரலாம்' என்றுதான் இருக்கிறது, 'தரவேண்டும்' என்று இல்லை. அந்தச் சாளரத்தையும் நீதிமன்றங்கள் ஏறக்குறைய சாத்திவிட்டன. 2007-ல் கீரவாணி அம்மாள் வழக்கில், இது பொது விதிக்கு விலக்கு, எனவே எழுத்துக்கு எழுத்து இறுக்கமாகத்தான் படிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2010-ல் வீட்டுவசதி வாரியம் எதிர் சந்திரசேகரன் தீர்ப்பு இன்னும் தெளிவு: நிலத்தை அரசு ஏற்கெனவே வேறு அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டால் 48-பி-யின் கீழ் அரசே மாற்றித் தர முடியாது. உங்கள் 77 சென்ட் வாரியத்தின் கையில் இருக்கிறது, விளம்பரம் கொடுப்பதும் வாரியம்தான். கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. போதாக்குறைக்கு, 2014 ஜனவரி 1 அன்று ரத்தாகிப்போன ஒரு சட்டத்தின் பிரிவில் இன்று புதிதாக மனுப் போட முடியுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே எழுந்து நிற்பார்.

தரகர் இதில் தோற்றால் அடுத்து '24 உட்பிரிவு 2' என்று ஆரம்பிப்பார். 2013-ஆம் வருடத்துப் புதிய சட்டத்தில் அப்படி ஒன்று இருப்பது உண்மை. அவார்டு போட்டு ஐந்து வருடத்துக்கு மேலாகியும் சுவாதீனம் எடுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை என்றால் பழைய நடவடிக்கை காலாவதியாகும். இதை வைத்துக்கொண்டு நாடு முழுக்க ஆயிரக்கணக்கான வழக்குகள் வந்தன. 2020 மார்ச் 6 அன்று இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள்: இரண்டும் நடக்காமல் இருந்தால்தான் காலாவதி, ஒன்று நடந்திருந்தாலும் இல்லை. உங்கள் அப்பா பணம் வாங்கியிருக்கிறார். ஆட்சேபணையோடு வாங்கினாலும் வாங்கியதுதான். சோளம் போட்டதும் உதவாது. மகஜர் என்ற சாட்சிக் குறிப்பு எழுதிச் சுவாதீனம் எடுத்தபின் அந்த நிலத்தில் இறங்குகிறவர் சட்டத்தின் பார்வையில் அத்துமீறி நுழைந்தவர் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. 'முப்பது வருஷ அனுபவம்' என்ற வாதமும் இங்கே எடுபடாது.

பட்டா பற்றி ஒரு வார்த்தை. நில எடுப்புக்குப் பின் உட்பிரிவு செய்து வாரியத்தின் பெயருக்குப் பட்டா மாற்றாமல் விட்டுவிடுவது வருவாய்த் துறையில் சர்வசாதாரணம். பட்டா அப்பா பேரில் இருப்பது அந்த மெத்தனத்துக்குச் சாட்சியே தவிர, உரிமைக்கு ஆதாரம் ஆகாது. தீர்வை ரசீதும் அப்படியே. இதைக் காட்டி யாராவது நிலத்தை 'அக்ரிமெண்ட்' போட்டு விற்கச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நாளைக்கு மோசடி வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

இவ்வளவு சொன்னதால் வாரியம் நினைத்தபடி விற்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கும் மூக்கணாங்கயிறு இருக்கிறது.

வாரியம் என்பது சட்டம் பெற்ற பிள்ளை. அதை உருவாக்கிய சட்டம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் அதற்கு உண்டு. நம்மைப்போல 'என் சொத்து, என் இஷ்டம்' என்று சொல்ல அதற்கு முடியாது. ஆகவே, விற்கும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் இருக்கிறதா, அரசின் முன் அனுமதி வேண்டும் என்று இருக்கிறதா, வாங்கினார்களா, நிலத்தை ஒப்படைத்த அரசாணையில் ஏதாவது நிபந்தனை உண்டா, இந்த 77 சென்ட் தேவையில்லை என்று வாரியக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்களா, இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும். அதிகாரி ஒருவரின் கையெழுத்தோடு மட்டும் விளம்பரம் வந்திருந்தால் அது பெரிய ஓட்டை.

நான் முதலில் பார்ப்பது வேறு ஒன்று: அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம். லாரி ஸ்டாண்டும் வளாகமும் சேர்ந்த திட்டத்துக்கு நகர ஊரமைப்புத் துறையில் ஒரு வரைபடம் இருந்தாக வேண்டும். அதில் இந்த 77 சென்ட் எந்த நிறத்தில் இருக்கிறது? வணிகப் பகுதி என்றால் ஏலம் நிற்கும். பூங்கா, திறந்தவெளி, சாலை என்றால் நிற்காது. பெங்களூரில் மனைப்பிரிவு ஒன்றில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்தது. அங்கே வழக்குப் போட்டவர்கள் பழைய நில உரிமையாளர்கள் இல்லை, சும்மா அந்தத் தெருவாசிகள் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கும் அந்தத் தகுதி உண்டு.

அடுத்தது விற்கும் முறை. பாஸ்கரன் பிள்ளை தீர்ப்பு வாரியத்துக்குக் கொடுத்த ஆயுதம் இருபக்கமும் வெட்டும். பொது ஏலம் என்று சொல்லிவிட்டபின், ஏலத்தை ரத்து செய்துவிட்டுப் பேச்சுவார்த்தையில் யாருக்காவது கொடுத்தாலோ, மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து எடுத்தாலோ அந்தத் தீர்ப்பே அவர்களுக்கு எதிராக நிற்கும். கர்நாடகத்தில் அரசின் சுற்றுலாக் கழகம் கோல்ஃப் மைதானமும் ஓட்டலும் கட்டுவதற்கு என்று நிலம் எடுக்கச் செய்து, பிறகு அதைத் தனியார் கைக்கு மாற்றிவிட்டது. 2011-ல் ராயல் ஆர்க்கிட் வழக்கில் அதை மோசடி என்றே உச்ச நீதிமன்றம் பார்த்தது, பழைய உரிமையாளருக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. ஆனால் உங்கள் விஷயத்தை அதோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் ஊரில் ரோடும் வந்தது, லாரி ஸ்டாண்டும் ஓடுகிறது. எடுக்கும்போதே கெட்ட எண்ணம் இருந்தது என்று காட்ட அங்கே ஒன்றும் இல்லை.

தெரிந்துகொள்ள வழி எளிது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு. நிலம் எடுக்கப்போவதாக முதலில் வந்த 4(1) அறிவிக்கை, அவார்டு நகல், சுவாதீன மகஜர், ஒப்படைப்பு அரசாணை, வாரியத் தீர்மானம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் என்று ஆவணங்களின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். 'ஏன் விற்கிறீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. 30 நாள் கெடு இருக்கிறது, ஏலத் தேதி அதற்கு முன்னால் என்றால் அலுவலகத்துக்கே போய்க் கோப்பைப் பார்வையிட அனுமதி கேட்கலாம்.

உங்கள் ஆறு பக்கக் கடிதத்தில் எனக்குப் பொறி தட்டிய இடம் நிலம் அல்ல, 'அப்பா ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கினார்' என்ற வரி. அந்த ஆட்சேபணை இருந்தால்தான் கூடுதல் தொகை கேட்டு 18-ஆம் பிரிவில் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்ல முடியும். அப்பா அந்த விண்ணப்பத்தையும் காலத்தில் கொடுத்திருந்தால் சார்பு நீதிமன்றத்தில் எல்.ஏ.ஓ.பி. என்ற நில எடுப்பு வழக்கு எண் ஒன்று விழுந்திருக்கும். அதே அறிவிக்கையில் நிலம் போன பக்கத்துக் காட்டுக்காரர்களைக் கேளுங்கள்: யாருக்காவது சென்ட்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கோர்ட் உயர்த்திக் கொடுத்ததா? அப்பா பெயரும் அந்த வரிசையில் இருந்து, தீர்ப்பாகியும் தொகை வாங்கப்படாமல் கிடக்கலாம். உயர்த்திய தொகைக்கு முதல் வருடம் 9 சதவீதமும் அதன்பின் 15 சதவீதமும் வட்டி உண்டு, முப்பது வருடத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. அப்பா கோர்ட்டுக்குப் போகவில்லை, பக்கத்தார் போய் ஜெயித்தார்கள் என்றால், அதே உயர்வைக் கேட்க 28-ஏ பிரிவு இருந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். போட்டாரா என்று அவருடைய டிரங்குப் பெட்டியைத் தேடுங்கள். தரகர் காட்டும் இரண்டரைக் கோடியைவிட இந்தப் பழைய காகிதத்துக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: புதிய 2013 சட்டத்தின் கீழ் நிலம் போனவர்களின் நிலைமை கொஞ்சம் மேல். சுவாதீனம் எடுத்து ஐந்து வருடம் பயன்படுத்தாவிட்டால், 101-ஆம் பிரிவுப்படி நிலம் உரிமையாளருக்கோ வாரிசுக்கோ அல்லது அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும். அந்த 'நில வங்கிக்கோ' என்ற வார்த்தையில்தான் அரசுக்குத் தப்பிக்க வழி. எந்த மேம்பாடும் செய்யாமல் ஐந்து வருடத்துக்குள் கை மாற்றி விற்றால், கூடிய மதிப்பில் 40 சதவீதத்தைப் பழைய உரிமையாளர்களுக்குப் பங்கிட வேண்டும் என்கிறது 102. ஆனால் அறிவிக்கை எந்தச் சட்டத்தில் வந்தது என்று முதலில் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் எடுத்தால் புதிய சட்டத்தின் இழப்பீட்டுக் கணக்கு வரும், 101 வராது. மாநிலத்தின் நெடுஞ்சாலைகள் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் இரண்டையும் 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதவை என்றது. அரசு புதுச் சட்டம் போட்டு அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது, 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

மறுபடி உங்களிடம். ஏலத்தில் நீங்களும் கலந்துகொள்ளலாம், முன்வைப்புத் தொகை கட்டினால் போதும். பழைய உரிமையாளர் என்ற முன்னுரிமை கிடையாது. இரண்டரைக் கோடிக்கு வழியில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, இருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அந்த 77 சென்ட்டின் வடகிழக்கு மூலையில் வேப்பமரத்தடியில் உங்கள் முனியப்பன் இருக்கிறார், வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைக்கிறீர்கள் என்று. அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. சட்டத்தின்படி முனியப்பனும் 'வில்லங்கமின்றி' அரசுக்குப் போய்விட்டார்தான். ஆனால் உங்கள் முழுக் கோரிக்கைப் பட்டியலில் அதிகாரிகள் சம்மதிக்க வாய்ப்புள்ளது இது ஒன்றுதான் என்பது என் அனுபவம். ஏலம் முடிந்துவிட்டால் வாங்கியவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும், எனவே ஏலத் தேதிக்கு முன்பே கலெக்டருக்கும் வாரியத்துக்கும் ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு மனுக் கொடுங்கள். மரத்தையும் கல்லையும் சேர்த்து மூன்று சென்ட்டையும், ரோட்டிலிருந்து அங்கே போக ஒரு தடத்தையும் விற்பனையிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து, எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தில் இடத்தைக் குறித்து இணையுங்கள். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரிலும் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.